இயர்போன் பழுக்கும்வரை பொறுத்திருக்கவும்

தம்பெரே நகரத்துப் பனிச்சறுக்கு அரங்கில் பனித்தளத்தை மெழுகும் வண்டியை ஓட்டுகிறவர் இல்போ வான்ஸ்கா. அந்தப் புதன்கிழமை காலை அவர் ஒரே வட்டத்தைத் திரும்பத் திரும்பச் சுற்றிக்கொண்டிருந்தார். ஹாக்கி பழக வந்த பிள்ளைகள் மட்டையும் கையுமாக வேலிக்குப் பின்னால் காத்து நின்றார்கள். பனி கண்ணாடிபோல் ஆகிவிட்டது. அதற்கு மேலும் அது ஆக வேண்டியது எதுவும் இல்லை. இல்போவுக்குத்தான் நிறுத்தத் தோன்றவில்லை. வண்டியை நிறுத்தினால் முந்தின நாள் மகள் சொன்னது ஞாபகம் வந்துவிடும்.

மகள் சைமி ஒரு மெட்டல் இசைக்குழுவில் பாடுகிறாள். மலையிலிருந்து பாறையைக் கொட்டினால் எப்படியிருக்குமோ அப்படியொரு குரல். எங்கள் ஊரில் அது நல்ல குரல். முதல் இசைத்தட்டு தயாராகிவிட்டது என்று பாட்டுகளை அனுப்பிவிட்டு, பின்னாலேயே போனில் கூப்பிட்டிருந்தாள்.

"அப்பா, அதுல கடைசிப் பாட்டு உன்னைப் பத்தினது."

"என்னைப் பத்தியா? என்னத்த எழுதித் தொலைச்சே?"

"கேட்டுப் பாரு. வெள்ளிக்கிழமை மத்தியானம் தட்டு அச்சுக்குப் போகுது. வேணாம்னு தோணுச்சுன்னா அதுக்குள்ள சொல்லிடு, எடுத்துர்றேன்."

"வரியை எழுதி அனுப்பேன், படிச்சுக்கிறேன்."

"மாட்டேன்."

"அப்போ வாயாலயாவது சொல்லு."

"நேர்ல சொல்ல முடிஞ்சிருந்தா நான் ஏம்ப்பா பாட்டா எழுதப்போறேன்?" என்று சொல்லிவிட்டு வைத்துவிட்டாள்.

இல்போ கேட்டுப் பார்த்தார். போனில் கேட்டால் தகர டப்பாவுக்குள் ஆணியைப் போட்டுக் குலுக்குவதுபோல் இருந்தது. சமையலறை ஸ்பீக்கரில் வைத்தார். மனைவி சிர்க்கு மருத்துவமனையில் இரவு நர்ஸ், பகலில்தான் தூங்குவாள். தலையணையைக் கையில் பிடித்துக்கொண்டு வாசலில் வந்து நின்றாள்.

"இல்போ, வார்டுல ராத்திரி முழுக்கக் கத்தல். பகல்ல நான் பெத்தது கத்தணுமா?"

"என்னைப் பத்திப் பாடியிருக்காளாம்."

"கோவமாவா?"

"அவ எதைத்தான் கோவமில்லாம பாடியிருக்கா? என் பொறந்தநாளுக்கே அப்படித்தானே பாடினா."

சிர்க்கு கொஞ்சம் யோசித்துவிட்டு, "அது உண்மைதான்" என்று திரும்பிப் போய்ப் படுத்துக்கொண்டாள்.

மிச்சம் இருந்தது வேலைநேரம். ஆனால் வண்டி ஓட்டும்போது இரைச்சல் தடுக்கும் காதுமூடி போட்டே ஆக வேண்டும். அதற்கடியில் பெரிய ஹெட்போன் நுழையாது. காதுக்குள்ளேயே செருகுகிற இயர்போன்தான் வழி. கூட வேலை செய்கிறவனுடையதை வாங்கிச் செருகிப் பார்த்தார். சின்ன வயதில் ஹாக்கி வட்டு பட்டு வலது காதுக்குள் கொஞ்சம் கோணிப்போயிருந்ததால் அது நிற்காமல் விழுந்து, பனியோடு பனியாக மெழுகப்பட்டுவிட்டது. அதை அவனிடம் எப்படிச் சொல்வது என்று யோசித்துக்கொண்டேதான் மேற்கொண்டு அத்தனை சுற்று சுற்றினார்.

மதியம் இயர்போன் வாங்கக் கடைக்குப் போனார். கடைப்பெண் கண்ணாடிப் பெட்டியைத் திறந்துகொண்டே கேட்டாள்.

"எந்த மாதிரிப் பாட்டு கேப்பீங்க?"

"மெட்டல்."

பெண் பெட்டியைப் பூட்டிவிட்டாள்.

"அப்போ பேரவையில பொருத்தச் சான்று வாங்கிட்டு வரணும். மத்தப் பாட்டுன்னா இப்பவே தந்துருவேன். நீங்க ஜாஸ்னு சொல்லியிருக்கலாம். இப்ப நான் கேட்டுட்டேன்."

கனரக இசைக் கேட்போர் நலப் பேரவை என்பது முழுப்பெயர். மெட்டல் கேட்கிறவர்கள் தவறான இயர்போனை வாங்கி மனம் உடைந்துபோகிறார்கள் என்று யாரோ கவலைப்பட்டு ஆரம்பித்தது. கவலைப்பட்டவர் போய்விட்டார்; பேரவை இருக்கிறது. அதன் விதியைக் கடைகள் ஏன் கேட்க வேண்டும் என்று இல்போவுக்கும் ஒரு கணம் தோன்றியது. ஆனால் எங்கள் ஊரில் ஒரு விதியை எழுதிச் சுவரில் ஒட்டிவிட்டால், யார் எழுதியது என்று கேட்கும் வழக்கம் கிடையாது. தபாலில் வரவழைக்கலாம்; வந்து சேர அடுத்த வாரம் ஆகும். அவர் பேரவைக்கு நடந்தார்.

ஆற்றோரத்துப் பழைய நூற்பாலையில் ஒரு மாடி முழுவதும் பேரவையுடையது. காத்திருப்புக் கூடத்தில் கறுப்பு பனியன் போட்ட தாடிக்காரர்கள் ஆளுக்கு ஒரு காலி நாற்காலி இடைவெளி விட்டு உட்கார்ந்திருந்தார்கள். ஒருவர் காலுறை பின்னிக்கொண்டிருந்தார்; ஒரு கால் முடிந்து மறு காலுக்கு வந்திருந்தார். சுவரில் இரண்டு பலகைகள். ஒன்றில் 'இங்கே இசை கேட்கக் கூடாது.' மற்றதில் 'இயர்போன் பழுக்கும்வரை பொறுத்திருக்கவும்.'

இல்போவால் உட்கார முடியவில்லை. ஜன்னலுக்கும் காப்பி மேசைக்குமாக நடந்தார். தாடிக்காரர்கள் அவரைப் பார்க்காமல் இருக்க மிகவும் பாடுபட்டார்கள்.

வகைப்பாட்டு அலுவலர் ரைலி என்கிற பெண்மணி. ஐம்பது வயதிருக்கும். மூக்குக்கண்ணாடியைக் கயிற்றில் கட்டிக் கழுத்தில் தொங்கவிட்டிருந்தார்.

"என்ன வகை?"

"மெட்டல்ங்க. ஹெவி."

"மழைன்னு சொன்னா ஆச்சா? தூறலா, அடைமழையா, ஆலங்கட்டியா? டெத், பிளாக், டூம், பவர்னு எத்தனையோ இருக்கு. டூமுக்குள்ளயே ஏழெட்டு இருக்கு."

"எம் பொண்ணு பாடுறதுங்க."

"பொண்ணுங்கிற வகை இல்ல." ரைலி கண்ணாடியை எடுத்து மாட்டிக்கொண்டார். "சரி, நான் கேக்குறேன், நீங்க சொல்லுங்க. பாட்டுல யாராவது சாகுறாங்களா?"

"தெரியலையே. அதைத் தெரிஞ்சுக்கத்தான் இயர்போன் கேக்குறேன்."

"இயர்போன் தரணும்னா அது தெரிஞ்சிருக்கணும். மெதுவாச் செத்தா டூம். சட்டுனு செத்தா டெத். கடைசி நேரத்துல யாராவது குதிரையில வந்து காப்பாத்திட்டா பவர்."

"என்னைப் பத்தின பாட்டும்மா அது."

ரைலி அவரைத் தலையிலிருந்து கால்வரை பார்த்தார். கலைந்த தலை, வேலை ஜாக்கெட், நிற்காமல் ஆடுகிற முழங்கால்.

"உயிரோட இருக்கீங்க. ஆனா நல்லா இல்ல. தற்காலிகமா டூம்னு போட்டுக்கிறேன்."

தற்காலிக டூமாக இல்போ அடுத்த அறைக்கு அனுப்பப்பட்டார். அங்கே காது அளவையாளர் கவுக்கோ. கறுப்பு பனியனில் இருந்த எலும்புக்கூட்டை வெள்ளை அங்கி பாதி மறைத்திருந்தது. இரண்டு காதிலும் நீலப் பசையை ஊற்றி, அது இறுகும்வரை இல்போவின் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு அச்சுகளை எடுத்து வெளிச்சத்தில் பிடித்தார். முகம் வாடிவிட்டது.

"இடது காது நல்ல காது. ஆழமா, இருட்டா, எந்த எதிர்பார்ப்பும் இல்லாம இருக்கு. அசல் டூம் காது. வலது காதுதான்..."

"ஹாக்கி வட்டு பட்டது."

"கோணி மேல பார்த்து நிக்குது. உற்சாகமான காது. பவர் மெட்டல் காதுன்னு சொல்லணும். ரெண்டையும் ஒரே ஆள் வெச்சிருக்க விதியில இடமில்ல."

"பொறந்ததுலேர்ந்து ரெண்டையும் நான்தானே வெச்சிருக்கேன்."

"இத்தனை நாள் யாரும் பார்க்கல, அவ்வளவுதான்" என்றார் கவுக்கோ கனிவாக. "இடது காதுக்கு மட்டும் சான்று தரச் சொல்லிப் பார்க்கிறேன். நிறையப் பேர் அப்படித்தான் சமாளிக்கிறாங்க."

இல்போ வெள்ளிக்கிழமை மதியக் கெடுவைச் சொன்னார். கவுக்கோ அவரைப் பக்கத்து அறைக்குக் கூட்டிப்போய்க் கதவைத் திறந்தார். கூரையின் இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடிவரை கம்பி கட்டி, காயப்போட்ட மீன்போல இயர்போன்கள் தொங்கின. எல்லாவற்றிலும் ஒரு இரைச்சல் ஓடிக்கொண்டிருந்தது. கேட்க ஆள் இல்லாமல் அத்தனையும் தங்களுக்குள் உஸ்ஸென்று பேசிக்கொண்டிருந்தன.

"கம்பெனியிலேர்ந்து வர்றப்போ இதெல்லாம் பச்சைக்காய். உள்ள இரைச்சல் ஓடி ஓடித்தான் பழுக்கணும். பழுக்காம யாருக்கும் குடுக்க மாட்டோம்."

"எத்தனை நாள்?"

"அதுவாச் சொல்லும். ஒருத்தருக்குப் பிரமாதமாப் பழுத்து வந்துச்சு. அதுக்குள்ள ஆள் போயிட்டார். ஆனா என்ன பழம்!"

"பழுத்துருச்சுன்னு எப்படிக் கண்டுபிடிப்பீங்க?"

"அது இயர்போனைப் பார்த்தாத் தெரியாது, ஆளைப் பார்க்கணும்." கவுக்கோ குரலைத் தாழ்த்தினார். "காத்திருந்து காத்திருந்து ஒரு நாள் வரும். அப்ப எதைக் காதுல வெச்சாலும், ஆகா, என்ன சத்தம்னு கண்ணு கலங்குவாங்க. உடனே கம்பியிலேர்ந்து எடுத்துக் குடுத்துருவோம்."

இல்போ ரைலியிடம் திரும்பி ஓடினார். அவசர முறையீடு என்று ஒரு வழி இருந்தது. வெள்ளிக்கிழமை காலை பேரவை கூடுகிறது. விண்ணப்பதாரர் பாட்டோடு வரலாம். ஏற்கனவே பழுத்த ஒரு ஜோடியில் பேரவையே அதைக் கேட்டு முடிவு சொல்லும்.

வியாழக்கிழமை முழுவதும் இல்போ ஓரிடத்தில் நிற்கவில்லை. சந்தையில் கறுப்பு ரத்தச் சாசேஜ் வாங்கி, நின்றபடியே பாதி தின்று, மீதியைக் கையில் வைத்திருப்பதையே மறந்து ஆற்றுப் பாலத்தில் இரண்டு தடவை போய் வந்தார். போனைக் காதோடு அழுத்திப் பாட்டைத் திரும்பத் திரும்பக் கேட்டதில் ஒரே ஒரு சொல் மட்டும் பிடிபட்டது. 'ஆரஞ்சு.'

அது காதில் விழுந்ததிலிருந்து நிலைமை மோசமாகிவிட்டது. ஆரஞ்சு என்றால் அவருடைய வேலை ஜாக்கெட்தான். வேறு எதுவாக இருக்க முடியும்? சைமியின் கச்சேரி ஒன்றைக்கூட அவர் தவறவிட்டதில்லை. வேலை முடிந்த கையோடு அதே ஜாக்கெட்டில் போய் முன்வரிசையில் நிற்பார். சுற்றிலும் அத்தனை பேரும் கறுப்பு. பக்கத்தில் நிற்பவர்கள் அவரைப் பார்த்துச் சிரிப்பார்கள். அவரும் பதிலுக்குச் சிரிப்பார். அது சினேகமான சிரிப்பு என்றுதான் இதுவரை நினைத்துக்கொண்டிருந்தார்.

"அவளுக்கு என்னால வெக்கக்கேடா இருந்திருக்குமோ?" என்று சிர்க்குவிடம் கேட்டார்.

"கேட்டுத் தெரிஞ்சுக்கோ."

"அவ சொல்ல மாட்டேங்கிறா."

"நீங்க ரெண்டு பேரும் இப்படித்தான்" என்றாள் சிர்க்கு, வேலைக்குக் கிளம்பக் காலணியை மாட்டிக்கொண்டே. "ஒருத்தர் கத்துவீங்க, ஒருத்தர் வண்டியை எடுத்துட்டுச் சுத்துவீங்க. வாயைத் திறந்து பேச மட்டும் ரெண்டு பேருக்கும் வராது."

வெள்ளிக்கிழமை காலை பேரவை கூடியது. நீள மேசையின் தலைமாட்டில் தலைவர் ஹுத்தினென். நரைத்த நீள முடியைப் பின்னால் கட்டியிருந்தார். ஒரு பக்கம் கவுக்கோ, மறுபக்கம் குறிப்பெடுக்க ரைலி. நடுவில் வெல்வெட் துணியில் பழுத்த ஜோடி ஒன்று கிடந்தது. சுவரோர நாற்காலி ஒன்றில் இல்போவை உட்கார வைத்தார்கள். அவர் முழங்கால் ஆட, நாற்காலி கிறீச்சிட்டது.

"நாற்காலியை நிறுத்துங்க" என்றார் தலைவர்.

இல்போ முழங்காலை இரண்டு கையாலும் அமுக்கிப் பிடித்தார். ஜன்னலுக்கு வெளியே மணிக்கூண்டில் பதினொன்றரை.

தலைவர் கையுறை போட்டு, இயர்போனைச் செருகி, கண்ணை மூடினார். தலை மெதுவாக ஆடியது. பாட்டு பாதியில் இருக்கும்போதே கழற்றிவிட்டார்.

"சத்தத்தோட மேடை அகலமா இருக்கு. கிட்டார் இடப்பக்கமா அடுத்த தெருவரைக்கும் போயிட்டு வருது. ரெட்டை மிதி டிரம் இருக்கே, அது அப்படியே வயித்துல இறங்குது. உயர்தரம்."

"அவ என்னங்க சொல்றா?"

"எவ?"

"பாடுறவ."

தலைவர் கவுக்கோவைப் பார்த்தார். "பாடுறாங்களா?"

கவுக்கோ வாங்கிக் கேட்டார். "ஆமாம் தலைவரே. நடுவுல ஒரு இடைஞ்சல் வருதே, அது குரல்தான்."

"அதுவா! நான் பதிவுல கோளாறுன்னு நினைச்சேன்."

அடுத்து ரைலி செருகினார். ஒரு கையில் பேனா ஓடிக்கொண்டிருந்தது. கொஞ்ச நேரத்தில் பேனா நின்றது. அவர் மட்டும் பாட்டைக் கடைசிவரை கேட்டார். கழற்றிவிட்டு, கயிற்றில் தொங்கிய கண்ணாடியை எடுத்துத் துடைத்தார். மாட்டாமல் மறுபடியும் துடைத்தார்.

இல்போ எழுந்துவிட்டார். "உங்களுக்குப் புரிஞ்சிருக்கு. என்ன சொன்னா? தயவுசெஞ்சு சொல்லுங்கம்மா."

ரைலி தலைவரைப் பார்த்தார். தலைவர் இடவலமாகத் தலையாட்டினார்.

"பாட்டோட பொருளைப் பத்தி விண்ணப்பதாரர்கிட்ட பேச எங்களுக்கு அதிகாரம் இல்லீங்க" என்று சொல்லி ரைலி மூக்கைச் சிந்தினார்.

தலைவர் எழுந்து நின்றார். அவர் எழுந்தால் உரை என்று கவுக்கோவுக்குத் தெரியும், நாற்காலியில் சாய்ந்துகொண்டார்.

"ஐயா, நீங்க பதட்டமா இருக்கீங்க. அதுக்குக் காரணம், நீங்க பாட்டைக் கேக்கணும்னு வந்திருக்கீங்க. நான் இந்தப் பதவிக்கு வந்ததுலேர்ந்து ஒரு பாட்டைக்கூட முழுசாக் கேட்டதில்ல. பெருமையாவே சொல்றேன். சின்ன வயசுல எனக்கும் ஒரு குழுவைப் பிடிச்சிருந்துச்சு. அவங்க பாட்டு ஓடினா அழுதுருவேன். கண்ணுல தண்ணி நிக்கிறப்போ ஒரு மனுசனால சத்தத்தை எப்படி எடை போட முடியும்? அதனால கொஞ்சம் கொஞ்சமா விட்டேன். இன்னிக்கு எனக்கு எந்தப் பாட்டும் பிடிக்காது. அந்த நடுநிலையைப் பார்த்துத்தான் என்னை ஒருமனதாத் தலைவராக்கினாங்க. ஒரு காலத்துல இங்க இருந்த எல்லாருக்கும் மெட்டல் பிடிக்கும். அப்ப இங்க ஒரே சண்டை, சத்தம். இப்ப பாருங்க, என்ன அமைதி!"

கவுக்கோ கை தட்டினார். பிறகு முடிவு வாசிக்கப்பட்டது. இயர்போன் தரமானது, இடது காதுக்குத் தடையில்லை, வலது காதின் உற்சாகத்தை ஆராயத் துணைக்குழு அமைக்கப்படும், துணைக்குழு கோடை விடுமுறைக்குப் பிறகு கூடும்.

"இன்னிக்கு மத்தியானம் அச்சுக்குப் போகுதுங்க."

"அச்சைக் கோடைக்கு அப்புறம் வெச்சுக்கச் சொல்லுங்க."

"நான் ஒரே ஒரு தடவை அதைக் காதுல வெச்சுப் பார்த்துக்கட்டுமா?"

தலைவர் மிகவும் பொறுமையாகச் சொன்னார்.

"கேட்டுப் பார்த்து வாங்கினா உங்களுக்குப் பிடிச்சதை வாங்கிடுவீங்களே. அப்புறம் பேரவை எதுக்கு இருக்கு?"

இல்போ எந்த விதியையும் மீறியவர் அல்ல. ஆளில்லாத சாலையில் சிவப்பு விளக்குக்கு நிற்கிறவர். அவர் மேசையருகே போய், கையுறை போடாத கையால் இயர்போனை எடுத்து இரண்டு காதிலும் செருகிக்கொண்டார். பாட்டை முதலிலிருந்து ஓடவிட்டு, வலது காதிலிருந்து அது விழாமல் விரலால் அழுத்திப் பிடித்துக்கொண்டார்.

உலகம் அடங்கிவிட்டது. தலைவர் வாயைத் திறந்து திறந்து மூடினார். கவுக்கோ மேசையைக் குத்தினார். ஒரு சத்தமும் இல்லை. பேரவையைப் பற்றி இல்போவுக்கு முதன்முறையாக ஒரு நல்ல எண்ணம் வந்தது. சாமான் உண்மையிலேயே நல்ல சாமான்.

பிறகு சைமி வந்தாள். இவ்வளவு கிட்டத்தில் அவள் குரலை அவர் கேட்டதே இல்லை.

*விளக்கு அணைகிறது, என் கை நடுங்குகிறது.*
*எல்லோரும் கறுப்பு, நீ மட்டும் ஆரஞ்சு.*
*அவர்கள் சிரிக்கிறார்கள், நீயும் சிரிக்கிறாய்.*
*எனக்குத் தொண்டை அடைக்கிறது.*
*போய்விடு. போய்விடு.*

அந்த இடத்தில் ரெட்டை மிதி டிரம் இறங்கியது. வயிற்றில்தான் இறங்கியது. பாட்டு முடியும்வரை இல்போ நின்றுகொண்டிருந்தார். முழங்கால் ஆடவில்லை. கழற்றியபோது தலைவரின் குரல் எங்கோ நடுவிலிருந்து தொடங்கியது: "...பிரிவின்படி உங்க இடது காதுச் சான்றும் ரத்தாகுது!"

"சரிங்க" என்று சொல்லிவிட்டு, அங்கேயே நின்று மகளைக் கூப்பிட்டார்.

"சைமி, கேட்டுட்டேன். அச்சுக்கு அனுப்பு."

"நிஜமாவா? உனக்குப் பரவால்லையா?"

"நல்லாயிருக்கு. மேடை அகலமா இருக்கு."

"என்னது? அப்பா, நான் வரியைக் கேட்டேன்."

இல்போ ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார். "வரியும் சரியாத்தான் இருக்கு. எனக்குத் தோணாமப் போச்சு, உனக்குக் கஷ்டமா இருக்கும்னு. இனிமே வரமாட்டேன், நீ நிம்மதியாப் பாடு."

"எங்க வரமாட்டே?"

"கச்சேரிக்கு. அதான் போய்விடு, போய்விடுன்னு பாடியிருக்கியே."

சைமி கத்திய கத்து போனைத் தாண்டி அறை முழுவதும் கேட்டது.

"போய்விடாதே! போய்விடா-தே! ஐயோ அப்பா, மூச்சைப் பிடிச்சு அந்த 'ஆதே'யைத்தான் கத்தியிருக்கேன்! உன்னைப் பார்த்தாத்தான் கை நடுங்குறது நிக்கும்னு அடுத்த வரியில வருதே!"

"எனக்குக் கேக்கல. டிரம்..."

"எந்தக் கூறுகெட்டவன் உனக்கு அந்த இயர்போனைக் குடுத்தான்?"

கூறுகெட்டவர்கள் மேசையைப் பார்த்தார்கள்.

"போய்விடாதேதான்" என்றார் ரைலி, குறிப்பேட்டிலிருந்து தலையைத் தூக்காமல். "எனக்கு நல்லாக் கேட்டுச்சு. ரெண்டு தடவையும்."

"ரைலி!" என்றார் தலைவர்.

"அப்பா, இரு. டிரம்மைக் கொஞ்சம் இறக்கச் சொல்றேன். இன்னும் நேரம் இருக்கு."

"டிரம்மை இறக்க வேணாம்னு சொல்லுங்க!" என்று தலைவர் பாதி எழுந்துவிட்டார். "அந்த இடம் அவ்வளவு நல்லா..." சொல்லி முடிப்பதற்குள் தாம் என்ன சொல்லிக்கொண்டிருக்கிறோம் என்று அவருக்கே தெரிந்துவிட்டது. காது சிவந்துபோய் உட்கார்ந்தார். அதைக் குறிப்பில் எழுதலாமா என்று ரைலி கேட்டார்.

இல்போ போனைக் கையால் மூடிக்கொண்டு கூடத்துக்கு வந்தார்.

"சைமி, எல்லாம் அப்படியே இருக்கட்டும். ஒண்ணையும் மாத்தாதே. எனக்குத்தான் வேற மாதிரி கேட்டுருச்சு."

"மறுபடியும் கேட்டா மறுபடியும் அப்படித்தானே கேக்கும்?"

"கேக்கலாம்."

சைமியின் பக்கத்தில் ஏதோ இயந்திரம் ஓடிக்கொண்டிருந்தது. யாரோ அவள் பெயரைச் சொல்லிக் கூப்பிட்டார்கள். அவள் போகவில்லை. பிறகு பாட்டுக் குரலை விட்டுவிட்டு, காய்ச்சலில் கிடந்த பிள்ளை மாதிரி ஒரு சின்னக் குரலில் சொன்னாள்.

"போயிடாதப்பா."

"சரிம்மா" என்றார் இல்போ. "நீ போ, கூப்பிடுறாங்க பாரு."